போனில் பச்சை

கட்டுமாவடி ஐஸ் கம்பெனியில், மீன்பிடிப் படகுகளுக்குப் போகிற ஐஸை லோடு ஏற்றிவிடுகிற வேலை எனக்கு. கம்ப்ரஸர் ஓட்டுகிற அய்யாக்கண்ணு அண்ணனுக்கு முன்பெல்லாம் அங்கே ஓர் உரிமை இருந்தது. ஐஸை உறைய வைக்கிற அமோனியா வாயு கசிந்து வாடை வந்தால் யாரையும் கேட்காமல் மெஷினை நிறுத்தலாம். முதலாளி ஆத்மநாதன் சென்சார் மாட்டிய பிறகு அது போயிற்று. வாயு கசிந்தால் அவருடைய போனில் சிவப்பு எரியுமாம். சிவப்பு வராமல் யாரும் நிறுத்தக்கூடாது. புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாராம். பார்த்தார், பார்த்தார்.

ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைத்துப் பொட்டு வைத்தது அண்ணனின் மனைவி ராசாத்தி அக்கா. அங்கே கூட்டிப் பெருக்குவதும் அவள்தான். சுவரில் இருக்கிற சென்சாரும் மெஷின்தானே, அதை மட்டும் விட்டால் குறையாகிவிடாதா? அதன் சல்லடை முகத்தில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். முதலாளியும் வந்து நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

மறுநாள் மெஷின் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வாடை வந்தது. வாசலில் நின்ற எனக்கே கண் எரிந்தது. அண்ணன் முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"வாடை தூக்கலா இருக்குங்க. நிப்பாட்டிரவா?"

"இங்க பச்சையாத்தானய்யா காட்டுது. போட்டுக்காரங்க ஐஸுக்கு நிக்கிறாங்க. போயி வால்வை முறுக்கி விடு."

அண்ணன் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் மெயினை அணைத்துவிட்டு அவரைத் தூக்கி வந்தபோது உயிர் இல்லை. அப்போதும் முதலாளி போனில் பச்சைதான்.

சென்சார் கம்பெனி ஆள் வந்து, காய்ந்து அடைத்திருந்த சந்தனத்தைச் சுரண்டிக் காட்டினான். ஆத்மநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நேரே சாவு வீட்டுக்கு வந்து, கட்டினவனுக்கு நீயே எமனாகிவிட்டாயே என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அதுவரை அழுதுகொண்டிருந்த அக்கா அழுகையை நிறுத்திவிட்டாள்.

வாடை வருகிறது என்று அண்ணன் சொன்னதையும், இந்த மனிதர்தான் உள்ளே போகச் சொன்னார் என்பதையும் அக்காவிடம் சொன்னேன். போலீசிலும் சொல்கிறேன் என்றேன்.

"பூசுனது நாந்தானே ஜஸ்டின்" என்றாள்.

விசாரணைக்கு வந்த ஏட்டிடம் நான் வாய் திறப்பதற்குள் அவளே எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"நாந்தாங்க கொன்னேன். என்னயக் கூட்டிட்டுப் போங்க."

ஏட்டு என்ன செய்வதென்று தெரியாமல் முதலாளியைப் பார்த்தார். அந்தப் பாவி, அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார்.