இரண்டாவது கையெழுத்து

வடதுருவக் கடற்கரையோர ஊரின் மின்நிலையத்தில், விடியும் நேரத்தில் உலாயுக் மூன்றாவது முறையாக மண்வெட்டியைத் தூக்கினாள். இயந்திரத்துக்குக் காற்றுப் போகும் துவாரத்தைப் பனி மறுபடி அடைத்திருந்தது. வாரிக் கொட்டாவிட்டால் டீசல் இயந்திரம் திணறி நிற்கும்; நின்றால் அரை நாளில் ஊரே விறைத்துப் போகும். இங்கே வேலைநிறுத்தம் என்பது பெற்ற பிள்ளையின் போர்வையை உருவுவது. கம்பெனிக்கும் அது நன்றாகத் தெரியும்.

தோள் இரண்டும் கழன்றுவிடும்போல வலிக்க, உள்ளே வந்து குறிப்பேட்டைத் திறந்தாள். பாதுகாப்பு விதிப்படி, மணிக்கொரு தடவை வேலையில் இருக்கும் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். கோடையில் கப்பல் வந்து எண்ணெய்த் தொட்டிகளை நிரப்பிப் போன கையோடு, கம்பெனி ஷிப்டுக்கு ஒரே ஆள் என்று குறைத்தது. ரெண்டு கையெழுத்தையும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றது. அவள் இன்னொரு ஷிப்டுக்காரன் அலாசுவாவின் பெயரை எழுதினாள். அவன் ஷிப்டில் அவன் இவள் பெயரை எழுதினான்.

அலாசுவா அவளைவிடப் பத்து வயது இளையவன். ஆனால் செத்துப்போன அவள் தகப்பனின் பெயர் அவனுக்கு இடப்பட்டது. அதனால் அவர்கள் ஊர் வழக்கப்படி அவளுக்கு அவன் அப்பா, அவனுக்கு அவள் மகள். அந்தப் பெயரைப் பொய்யாக எழுதும்போதெல்லாம் நெஞ்சு சுட்டது. சுட்டாலும் எழுதினாள், வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

போன மாதம், ஷிப்டில் தனியாக இருந்த அலாசுவாவின் வலது கையை இயந்திரத்தின் விசிறியைச் சுழற்றும் பட்டை இழுத்துக்கொண்டது. மூன்று விரல்கள் போயின.

கதவு திறந்தது. நேற்று விமானத்தில் வந்திறங்கிய மேனேஜர் ஹார்ட்லி, கையில் ஒரு தாளோடு நுழைந்தார். கட்டுப்போட்ட கையோடு பின்னாலேயே அலாசுவாவும் வந்தான்.

"அன்னிக்குக் குறிப்பேட்டுல உங்க பேரும் இருக்கேம்மா. 'நானும் பக்கத்துல இருந்தேன், அவரு அஜாக்கிரதையா இருந்தாரு'ன்னு இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"நான் வீட்ல தூங்கிட்டிருந்தேன். உங்களுக்கே தெரியும்."

"அப்போ பொய்க் கையெழுத்துப் போட்டீங்கன்னு ரெண்டு பேரையும் வேலையை விட்டு அனுப்பிடுவேன். அடுத்த வருஷம் காத்தாலை வருது. அப்புறம் ஆளே வேண்டாம்."

அலாசுவா சிரித்தான். "வரட்டும் சார். இங்க காத்துக்கா பஞ்சம்? இறக்கையில ஐஸ் பிடிச்சா யாரு ஏறித் தட்டுவா? நீங்களா? வாசப்படியிலயே ரெண்டு தடவை வழுக்கினீங்க."

வயர்லெஸ் கரகரத்தது. ஆறு மணி. கடற்கரையோர ஊர்களின் மின்நிலையங்கள் எல்லாம் நிலவரம் சொல்லும் நேரம்.

"என்னப்பா செய்யட்டும்?" என்றாள் உலாயுக்.

"உனக்குப் பட்டதைச் செய், மகளே. என் பேரை மட்டும் இனிமே எழுதாத."

குறிப்பேட்டில் தன் பெயரை மட்டும் எழுதினாள். வயர்லெஸை எடுத்தாள். "இயந்திரம் ஓடுது. எண்ணெய் பாதித் தொட்டி இருக்கு. ஷிப்டுல நான் ஒருத்திதான். ரெண்டாவது கையெழுத்து இல்ல. இதுவரைக்கும் போட்டதெல்லாம் பொய். கம்பெனி சொல்லித்தான் போட்டோம்."

"அதை அணைங்கம்மா!" என்று கத்தினார் ஹார்ட்லி.

மறுமுனையில் சத்தமே இல்லை. எல்லோரும் பயந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். வயர்லெஸைக் கீழே வைக்கப் போனாள்.

பிறகு ஒரு கட்டைக்குரல் வந்தது. "பக்கத்து ஊர்லேருந்து பேசறேன். இங்கயும் ஒரே ஆள்தான். ரெண்டாவது கையெழுத்து இடத்தை நானும் காலியா விட்டுட்டேன்."

துவாரத்தைப் பனி மறுபடி மூடிக்கொண்டிருந்தது. அலாசுவா இடது கையால் மண்வெட்டியை எடுத்தான்.

"வா மகளே, ரெண்டு பேராப் போவோம்."

அவர்கள் வெளியே போனபோது, வயர்லெஸில் மூன்றாவது ஊர் பேசிக்கொண்டிருந்தது.