பச்சை நூல்

பதினொரு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொன்ன வழக்கைப் பன்னிரண்டரை ஆகியும் கூப்பிடவில்லை. தையற்காரி வராந்தா பெஞ்சின் நுனியில், எழுந்து ஓடத் தோதாக உட்கார்ந்திருந்தாள். கணவன் அவளை நெருங்கக் கூடாது, வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்ற இடைக்கால உத்தரவு இன்றோடு முடிகிறது. நீதிபதி நீட்டித்தால்தான் அவள் அந்த வீட்டில் தொடர்ந்து இருக்க முடியும்.

எதிர்ச் சுவரோரம் அவன் நின்றிருந்தான்.

"சட்டையப் பாரு, மடிப்புக் கலையாம. பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி," என்றாள் அக்கா.

"மெதுவாப் பேசுக்கா."

"நீ இப்படியே பயந்து சாகு. நேத்து என்ன இடம் மாறிச்சு?"

"கத்தரிக்கோல். மெஷின் மேல வச்சுட்டுக் கடைக்குப் போனேன். வந்து பாத்தா தலகாணி மேல கெடக்கு."

"நீயே வச்சுட்டு மறந்திருப்ப. அவன்தான் சாவிய ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டானே. காத்தாவா உள்ள வருவான்?"

இருக்கலாம் என்று அவளுக்கும் பட்டது. வீட்டுச் சாவியையே தொலைத்துவிட்டு உதிரிச் சாவியில் காலம் தள்ளுகிறவள். கத்தரிக்கோலை வைத்த இடத்தை மறந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அவளுக்கே அவள்மேல் நம்பிக்கை விட்டுப்போய்க்கொண்டிருந்தது.

கூப்பிட்டார்கள்.

அறை சின்னது. அவன் நாலடி தள்ளி, அவளுக்குப் பின்னால் நின்றான். நீதிபதி வயதான பெண்மணி, தொண்டை கட்டியிருந்தது. மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"மணிக்கட்டு எப்படிம்மா முறிஞ்சுது? உங்க வாயால சொல்லுங்க."

நடந்ததை நடந்தபடி சொல் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தையற்காரி வாயைத் திறந்தாள். பின்னால் சாவிக்கொத்து குலுங்கியது. சன்னமான சத்தம்தான். ஒவ்வொரு மாலையும் கதவு திறப்பதற்கு முன் கேட்ட சத்தம்.

"குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்."

ஆஸ்பத்திரியில் சொன்னது, கடையில் சொன்னது, அக்காவிடமே முதலில் சொன்னது. நாக்கு பழக்கத்தில் சொல்லிவிட்டது. வக்கீலின் பேனா நின்றது. அக்கா முனகியது காதில் விழுந்தது.

"மனுவுல வேற மாதிரி இருக்கே," என்றார் நீதிபதி. "எது நெசம்?"

"அதான் அவளே சொல்லிட்டாளேம்மா," என்றான் அவன், பணிவாக.

"உங்களக் கேக்கல."

தையற்காரி திரும்பினாள். கொத்து அவன் விரலில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. வண்டிச் சாவி, பூட்டுச் சாவி, நடுவில் ஒரு பித்தளைச் சாவி. அதன் கழுத்தில் பச்சை நூல். இருட்டில் தடவி எடுக்கத் தோதாக, பொத்தான் தைக்கும் நூலை அவளே இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டது.

கத்தரிக்கோல் தலையணைக்கு எப்படிப் போனது என்று இப்போது தெரிந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வழுக்கி விழலம்மா. இவருதான் முறுக்கினாரு. இவரு கையில இருக்கிறது என் சாவி. தொலஞ்சு போச்சுன்னு நெனச்சுட்டிருந்தேன். பச்சை நூல் சுத்தினது."

அவன் கை மூடிக்கொண்டது.

நீதிபதி கண்ணாடியைக் கீழே இறக்கினார். "கையத் திறங்க."

திறந்தான்.

"சாவி எல்லாத்தையும் ஒப்படைச்சாச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அப்ப இது எந்தக் கதவோட சாவி?"