மூச்சு விடும் குச்சிகள்

தையல்காரிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெருவே பேசிக்கொண்டது. பேசட்டுமே, தெருவுக்கு வேறென்ன வேலை? மகள் மூச்சிளைப்பு நோயில் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது. ஆனாலும் மிஷினை நிறுத்தினால் போதும், அலமாரி மேலிருந்து மூச்சுச் சத்தம் கேட்கும். அங்கே மகள் கைவேலை வகுப்பில் செய்த குட்டி அலையாத்திக் காடு இருந்தது. தட்டு நிறையக் களிமண், அதில் நெருக்கமாக நட்ட நிஜக் குச்சிகள், காகித இலைகள். பள்ளிக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய காடு.

முதலில் அந்தச் சத்தம் அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. பிள்ளை எங்கேயும் போகவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

போன வாரம் அவள் தெருவுக்கு வந்த வனத்துறைக்காரர் பெண்களைக் கூட்டிப் படம் போட்டுக் காட்டினார். சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தவை குச்சிகள் இல்லையாம், மரத்தின் வேர்களாம்.

"இது வழியாத்தான் மரம் மூச்சு விடுது. வெட்டினா மூச்சு முட்டிச் செத்துடும்," என்றார் அவர்.

கண்காட்சிக்காக மகள் வகுப்போடு போய்க் குச்சி வெட்டிய கழிமுகக் கரையில் மரங்கள் பட்டுப்போய் நிற்பதைத் தையல்காரி பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து அலமாரிச் சத்தத்தில் இளைப்பும் சேர்ந்துகொண்டது.

இன்று கைவேலை ஆசிரியை அந்தத் தட்டோடு அவளை வகுப்புக்கு வரச் சொல்லியிருந்தார். கரும்பலகைக்கு மேலே மகளின் படம், அதன் கீழே 'எங்கள் பசுமைச் செல்வி' என்று பெரிய எழுத்தில்.

"பாத்தீங்கல்ல? இதே மாதிரி ஆளுக்கு ஒண்ணு செய்யணும். நாளைக்குக் கரைக்குப் போய்க் குச்சி வெட்டுவோம்," என்றார் ஆசிரியை.

சொன்னால் செத்த பிள்ளைக்குக் கெட்ட பேர். சொல்லாவிட்டால் மிச்ச மரங்களும் போகும். தட்டு அவள் கையில் இழுத்து இழுத்து மூச்சு விட்டது, கடைசி நாள் மடியில் கிடந்தவளைப் போலவே. பாவி மகளே, நான் என்னடி செய்வேன்?

"டீச்சர், இது குச்சி இல்ல, வேரு. மரம் இதாலதான் மூச்சு விடுது. எம்பொண்ணு தெரியாம வெட்டிட்டா. அந்த மரமெல்லாம் செத்துப்போச்சு. நீங்க வெட்டாதீங்க கண்ணுங்களா."

முதல் பெஞ்சுச் சிறுமி ஒருத்தி படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ இந்த அக்காதான் மரத்தையெல்லாம் கொன்னாங்களா?"

"ஆமாம்மா," என்றாள் பெற்றவள்.

கையில் சத்தம் நின்றுபோயிருந்தது. தட்டைத் தூக்கிக் காதோடு வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, களிமண்ணில் வாய் வைத்து மெல்லக் கேட்டாள்.

"கோவிச்சுக்கிட்டியாடி?"