வீட்டில் ஒரே மொழி

நிர்மலும் மங்கையர்க்கரசியும் மராத்தி பேசும் நகரம் ஒன்றில், வானவடிப் பகுதியின் புதிய குடியிருப்பு ஒன்றில் இருந்தார்கள். அவனுக்கு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அவள் கோபிசெட்டிபாளையத்துப் பெண், பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவள். மகள் தேஜஸ்வினிக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. அது இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு.

பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமை ஆசிரியை ஆங்கிலத்தில் விளக்கினார். வீட்டில் தமிழ், வேலைக்காரம்மாவிடம் மராத்தி, கீழே விளையாடுகிற பிள்ளைகளிடம் இந்தி என்று குழந்தை குழம்பிப்போயிருக்கிறதாம். இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேச வேண்டும். நாளைய உலகம் அதில்தான் நடக்கப்போகிறது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நிர்மல் அதைத் தமிழில் சொன்னான்.

"எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல அவள எப்படிங்க கொஞ்சறது?" என்றாள்.

"வந்த வரைக்கும் பேசு மங்கை. நாளைக்கு அமெரிக்கா போனா தமிழ வெச்சுட்டு அவ என்ன பண்ணுவா?"

அவள் கட்டுப்பட்டாள். வா, சாப்பிடு, தூங்கு, தொடாதே என்பதற்கெல்லாம் ஆங்கிலம் இருந்தது. அதற்குமேல் சொல்ல வந்ததைத் தப்பாகிவிடுமோ என்று விழுங்கினாள். முன்பெல்லாம் குளிப்பாட்டும்போது ஓயாமல் பேசுவாள். இப்போது குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. ஊரிலிருந்து போன் வந்தால் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். மாதங்கள் போயின. குழந்தை ஒரு சொல்லும் சொல்லவில்லை.

தீபாவளியன்று காலை, பால்கனிக்கு நேர் கீழே யாரோ சரவெடி கொளுத்தினார்கள். பக்கத்து வீட்டுப் பால்கனியில் நின்ற ஜமீலா காதைப் பொத்திக்கொண்டாள். ராணுவக்காரரின் மனைவி, அவளுக்கே அந்தச் சத்தம் தாங்கவில்லை. தேஜஸ்வினி மட்டும் திரும்பிக்கூடப் பார்க்காமல், கம்பியில் ஊர்ந்த எறும்பை விரலால் மறித்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஜமீலா வெடி ஓயும்வரை அவளையே பார்த்தாள். பிறகு மெதுவாக இந்தியில் கேட்டாள், "குழந்தைக்குக் காது கேட்கிறதா?"

பரிசோதனையில் இரண்டு காதும் பிறவியிலேயே மந்தம் என்று தெரிந்தது. மொழிக் குழப்பம் எதுவுமில்லை என்றார் டாக்டர். இத்தனை நாளும் குழந்தை தாயின் முகத்தையும் உதட்டையும் பார்த்துத்தான் விஷயம் தெரிந்துகொண்டிருக்கிறது; கிட்டே உட்கார்ந்து நிறையப் பேசுங்கள் என்றார்.

"எந்த பாஷைல பேசச் சொன்னாங்க?" என்று வெளியே வந்து மங்கையர்க்கரசி கேட்டாள்.

நிர்மல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உனக்கு நல்லா வர்றதுல."

"நானு வாயே தொறக்கலீங்களே. அவ என்ற மூஞ்சியவே பாத்துட்டு இருந்தா. நான் வாயே தொறக்கல."

"எனக்கு மட்டும் எப்படித் தெரியும் மங்கை?" என்றான். அவன் குரலில் பலமில்லை.

காதுக் கருவி வந்தது. பேச்சுப் பயிற்சிக்கு ஆங்கிலம், இந்தி, மராத்தி மூன்றும் இருந்தன, தமிழுக்கு ஆளில்லை. இங்கே சொல்லிக்கொடுப்பதையே வீட்டிலும் பேசினால் சீக்கிரம் வரும் என்றாள் பயிற்சி கொடுத்தவள். இந்த முறை நிர்மல், "நீயே சொல்லு" என்று விட்டுவிட்டான்.

"அங்க இங்கிலீசுலயே படிக்கட்டுங்க. வீட்டுல நான் என்ற பேச்சத்தான் பேசுவேன்."

"லேட்டாகும்ங்கறாங்களே?"

"ஆகட்டுங்க."

நிஜமாகவே தாமதமானது. கூடப் பயின்ற பிள்ளைகள் வாக்கியம் பேசினபோது தேஜஸ்வினி ஒற்றைச் சொற்களில் நின்றாள். பயிற்சிக்காரி குறைப்பட்டுக்கொள்ளும்போதெல்லாம், பிடிவாதத்தால் மகளைக் கெடுக்கிறோமோ என்று மங்கையர்க்கரசிக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை. காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் மகளை எதிரே உட்காரவைத்துப் பேசினாள்.

ஒரு வருஷம் பிந்தி தேஜஸ்வினி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அங்கே ஆங்கிலம் மளமளவென்று வந்தது. தமிழில் வந்தவை கொஞ்சம்தான். அதிலும் முக்கால்வாசி மறுப்பு: வேண்டா, போ, மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். "வேண்டா."

"ஏஞ்சாமி வேண்டா? அம்மாகிட்டச் சொல்லு."

தேஜஸ்வினி கையை ஆட்டி ஆட்டி, ஆங்கிலத்தில் நீளமாக ஒரு காரணம் சொன்னாள். மங்கையர்க்கரசி உற்றுக் கேட்டாள். அவளுக்குப் பாதிதான் புரிந்தது.