இடைவேளைக்குள் அக்கா சாகவில்லை

1

இந்தக் கதை என் மூளையில் தானாக உதித்தது என்று பீற்றிக்கொள்ள ஆசைதான். இல்லை. ஒரு தயாரிப்பாளர் கேட்டார்: நகரம், பழிவாங்கல், அக்கா தம்பி.

“இடைவேளைக்குள்ள அக்காவைப் போட்டுத் தள்ளிடும்மா. அப்பதான் தம்பிக்குக் கோபம் வரும்.”

“அக்காவுக்கே கோபம் வந்தா என்ன சார்?”

“அது குடும்பப் படமாயிடும்.”

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கொல்லவில்லை. எனக்கு மட்டும் காலையில் பல் தேய்க்கும்போதே கோபம் வந்துவிடுகிறது. அதனால் அக்காவை உயிரோடு வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

2

மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த

(வேண்டாம். வெயிலில் யாருக்கும் பகையே வராதா?)

அவள் கண்களில் நெருப்பு

(கண் டாக்டரிடம்தான் போக வேண்டும்.)

சரி, நேராகவே சொல்கிறேன். அக்கா லிஃப்ட் மெக்கானிக். தம்பியும் அதே வேலை. அவர்களுடைய அப்பாவும் அதுதான். லிஃப்டுக்கு அடியில் உள்ள பள்ளத்தில் இறங்குமுன், மொட்டைமாடி மெஷின் ரூமில் மெயின் சுவிட்சை அணைத்து அவரவர் பூட்டை மாட்ட வேண்டும். மாட்டியவர்தான் கழற்றலாம். அப்பா மாட்டிவிட்டுத்தான் இறங்கினார். விருந்தாளிகள் காத்திருக்கிறார்கள் என்று கட்டட முதலாளி அந்தப் பூட்டை உடைத்துச் சுவிட்சைப் போட்டார். லிஃப்ட் கீழே வந்தது. ‘விபத்து’ என்றது தீர்ப்பு.*

* பூட்டு தானாக உடைந்ததாம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். தானாக உடையும் பூட்டு எந்தப் பாடத்திலும் வரவில்லை.

3

அதே கட்டடம், நண்பகல். பழுது பார்க்க இப்போது பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். முதலாளிக்கு அவர்களை அடையாளம் தெரியவில்லை. தன் லிஃப்டைச் சரிசெய்கிறவர்களின் முகத்தை அவர் என்றைக்குப் பார்த்தார்?

முதலாளியின் போன் லிஃப்ட் வாசல் இடுக்கு வழியாகப் பள்ளத்தில் விழுந்தது. (தம்பி தோளால் இடித்தான். தற்செயல் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள்.) அதில் என்ன கண்றாவி இருந்ததோ, வேறு யாரும் தொடக் கூடாது என்று தானே இறங்கக் கிளம்பினார். அக்காவும் தம்பியும் லிஃப்டை மேல்மாடியில் நிறுத்திவிட்டு, மெஷின் ரூமுக்குப் போய் மின்சாரத்தை அணைத்தார்கள். வாட்ச்மேன் ஏணியை வைத்தான். “நீ எட்டிப் பாக்காத, போ” என்று அவனை விரட்டிவிட்டு முதலாளி பள்ளத்தில் இறங்கினார்.

இனி தம்பி சுவிட்சைப் போட்டு லிஃப்டைக் கீழே விட வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

சுவிட்சில் இரண்டு பூட்டுகள் தொங்கின.

“ஏன்க்கா பூட்டின?”

“நீ ஏண்டா பூட்டின?”

“கைப்பழக்கம்.”

“எனக்கு மட்டும் என்ன, காலாலயா பூட்டினேன்?”

தம்பி தன் பூட்டைக் கழற்றிப் பையில் போட்டான். “சாவியக் குடு.”

“கீழ ஆள் இருக்குடா.”

“ஆள் இருக்கணும்னுதான வந்தோம்! லூசாக்கா நீ?”

அக்காவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆள் சாக வேண்டும் என்று தம்பியைவிட அதிகம் ஆசைப்பட்டவள் அவள். ஆனால் கை சாவியிடம் போகவே மாட்டேன் என்றது. தம்பி சுத்தியலை எடுத்தான்.

“குடுக்கலன்னா உடைச்சிருவேன்.”

“உடை. அப்பா பூட்டையும் அவன் இப்படித்தான உடைச்சிருப்பான்? நானும் கண்ணால பாத்துக்கறேன்.”

ஓங்கிய கை அப்படியே நின்றது. இரும்புக் கயிறுகள் இறங்கும் ஓட்டை வழியாகக் கீழிருந்து குரல் வந்தது:

“மேல எவன்டா? ஒண்ணுமே தெரியல, இருட்டா இருக்கு. சுவிட்சைப் போடுங்கடா!”

தம்பிக்குச் சிரிப்பு பீறிட்டது. அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டாள். இருவரும் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பாதியில் தம்பி அழ ஆரம்பித்தான். சுத்தியலை மட்டும் விடவில்லை.

4

முடிவு அ: தம்பி உடைக்கிறான். பின்னணி இசை. தயாரிப்பாளர் என் நெற்றியில் முத்தமிடுகிறார். (தொலையட்டும்.)

முடிவு ஆ: அக்கா சாவியைத் தருகிறாள். தம்பி ஜெயிலுக்குப் போகிறான், அவள் வாரா வாரம் பார்க்கப்

முடிவு இ: முதலாளி பத்திரமாக ஏறி வந்து, “இவ்வளவு நேரமாடா?” என்று இருவரையும் திட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறார். (நிஜத்தில் நடப்பது இதுதான். எழுதினேன், வயிறு எரிந்தது, கிழித்துப் போட்டேன்.)

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“ஏம்மா, எழுதறவளே. எங்களை இங்க நிக்க வெச்சு வேடிக்கையா பாக்கற? இந்தா சாவி, நீயே திற.”

வாங்கிவிட்டேன். திறக்கவும் ஆசையாகத்தான் இருக்கிறது. என் கையும் போக மாட்டேன் என்கிறது. எனக்கோ பூட்டிப் பழகிய கைகூட இல்லை.

பிடியுங்கள், சாவி இப்போது உங்களிடம். திறக்கப் போகிறீர்களென்றால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். படம்தானே, நடிகர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அந்த ஆளை நான் உயிரோடுதான் இறக்கியிருக்கிறேன்.