முப்பத்தொரு குஞ்சும் குளியலறை பல்பும்

மலைமேல் கொட்டச்சேட்டில் காப்பி எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் பிரபாகர் ஐந்து வாரமாக டார்ச் வெளிச்சத்தில்தான் குளித்துக்கொண்டிருந்தார். வீட்டில் சூடு தரக்கூடிய பழைய குண்டு பல்பு ஒன்றுதான் இருந்தது. அதைக் குளியலறையிலிருந்து கழற்றி, அவர் மனைவி நந்தினி கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துவிட்டாள். சமையலறை மூலையில் தகரத்தை வட்டமாக வளைத்து, உமி பரப்பி, மேலே அந்தப் பல்பைத் தொங்கவிட்டிருந்தாள்.

போன வருஷத்துக் கதையைச் சொன்னால்தான் உங்களுக்கு அவள் பயம் புரியும். நந்தினி ஓமலூர்க்காரி. அவள் பிறந்த வீட்டில் இருபத்தொரு நாள் ஆனதும் குஞ்சுகளை வெளியே விட்டுவிடுவார்கள். மிச்சத்தை அந்த ஊர் வெயில் பார்த்துக்கொள்ளும். அதே கணக்கில் மலையிலும் விட்டாள். சாயங்காலம் மூன்று மணிக்கே பனிமூட்டமாக மஞ்சு இறங்கியது. குளிருக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியிலிருந்தவை நசுங்கி, மேலிருந்தவை விறைத்து, இருபத்தைந்தும் போய்விட்டன.

"இந்தத் தடவையும் போச்சுன்னா, கோழிங்கற பேச்சே நம்மூட்ல கூடாது" என்று பிரபாகர் சொல்லிவிட்டார். கோபத்தில் அல்ல. அவள் நாலு நாள் சோறு இறங்காமல் கிடந்ததைப் பார்த்தவர் அவர்.

ஆகவே இம்முறை நந்தினி காலண்டரைப் பார்க்கவில்லை, இறகைப் பார்த்தாள். முதுகில் பஞ்சு உதிர்ந்து இறகு மூடும்வரை பொறுத்தாள். வாரம் ஒரு சாண் பல்பை மேலே தூக்கினாள். அப்புறம் பகலில் அணைத்தே வைத்தாள். கடைசி வாரம் உச்சிவெயிலில் மட்டும், மீன்வலை மூடிய கம்பிக்கூண்டில் வெளியே வைத்துப் பழக்கினாள். தீனி போடும்போதெல்லாம் பால்பவுடர் டின் மூடியைத் தட்டினாள். பக்கத்துத் தோட்டத்துப் பாவாயிக்கு ஒரே வேடிக்கை.

"ஏங் கண்ணு, பள்ளிக்கூடத்து பெல் அடிக்கறயாக்கும்?"

கூண்டைத் திறந்துவிட்ட முதல் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முப்பத்தொன்றும் காப்பிச் செடிகளுக்கடியில் பரவிச் சருகைக் கிளறின. பாவாயியும் பார்க்க வந்திருந்தாள். நந்தினி நிம்மதியாக மூச்சுவிடுவதற்குள், ஒரு மணிக்கே பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறிவந்தது. செடியும் தெரியவில்லை, குஞ்சும் தெரியவில்லை. கீச்சுச் சத்தம் மட்டும் நாலு பக்கமும் கேட்டது. பிடித்துவிடலாம் என்று பாய்ந்தவளின் கையைப் பாவாயி பற்றிக்கொண்டாள்.

"தொரத்துனா செதறிப் போயிருங் கண்ணு. உன்ற பெல்ல அடி."

தட்டினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் தட்டினாள். வெள்ளைக்குள்ளிருந்து ஒரு சிவப்புக் குஞ்சு ஓடிவந்தது. பின்னால் மூன்று, அப்புறம் ஒரு கூட்டம். காலடியில் முட்டிமோதி, அவற்றுக்கென்று வெளியே வைக்கோல் போட்டு வைத்திருந்த மரக்கூட்டுக்குள் நுழைந்தன. பிரபாகர் கூட்டு வாசலில் குத்தவைத்து எண்ணினார். முப்பது.

நந்தினி தட்டுவதை நிறுத்தவில்லை. விரல் வலித்த பிறகுதான் அது வந்தது, எல்லாவற்றிலும் சின்னது. தன் நீளத்துக்கு ஒரு மண்புழுவைக் கவ்விக்கொண்டு, யாருக்கும் பங்கு தராமல், ராஜநடை போட்டு உள்ளே போனது.

குஞ்சுகளுக்குப் பல்பில்லாத முதல் ராத்திரி அது; கூட்டில் காற்றடிக்கும் பக்கம் காப்பிச் சாக்கைக் கட்டிவிட்டுப் படுத்தார்கள். விடிந்ததும் நந்தினி கூட்டைத் திறந்தாள். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், அததற்கு ஓர் இடம் பிடித்துப் படுத்திருந்த குஞ்சுகள் அவளைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடின. முப்பத்தொன்றும்.

பிரபாகர் நேராகச் சமையலறைக்குப் போனார். அந்தப் பல்பைக் கழற்றித் துடைத்துக் குளியலறையில் மாட்டி, சுவிட்சைப் போட்டார்.

"ஏனுங்க, அதுங்களுக்கு வேண்டாமுங்களா?" என்றாள், வேண்டுமென்றே.

"அதுங்க பெரிசாயிருச்சு. இனி நான் குளிச்சுக்கறேன்" என்றவர், கதவைச் சாத்தப்போய் நின்றார். "அடுத்த தடவைக்கு அம்பதா வாங்கிரலாமா?"