பதினேழு வாகனங்கள்

என் அண்ணனின் மகன் எங்கள் வீதியின் மூன்றாவது பள்ளத்தில் பிறந்தவன். பிறப்புச் சான்றிதழில் நெடுந்தீவு என்றுதான் இருக்கிறது. ஊரில் விசாரித்தால் நேரே பள்ளத்தைக் காட்டுவார்கள். அன்றைக்கு ஓட்டோ ஓட்டியவள் நான்தான்.

அதனால் அண்ணன் பெண்சாதி, என் மச்சாள் அஜந்தா இரண்டாவது முறை முழுகாமல் இருந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“இந்தப் பிள்ளையையாவது கட்டிலிலை பெறவேணும், மேனுகா.”

அந்த நேரம் பார்த்துத்தான் தேசிய வீதித் திட்டக் கடிதம் வந்தது. பதினைந்து வாகனங்களாவது செல்லும் வீதிக்குக் காப்பெற் மாதிரி வழுவழுப்பாகத் தார் போடுவார்களாம். எங்கள் வீதியில் ஓடுவது ஒரு பஸ், இரண்டு உழவு இயந்திரம், என் சிவப்பு ஓட்டோ. மொத்தம் நான்கு.

படிவத்தை நிரப்பியவர் அபிவிருத்திச் சங்கத் தலைவர் அப்புத்துரை அண்ணை. பிள்ளையார் கோயில் செயலாளரும் அவர்தான். பொய் என்று ஒன்று அவர் வாயில் வராது. அப்படியிருந்தும் இரண்டு மாதத்தில் பதில் வந்தது: வீதி தகுதி பெற்றுள்ளது, அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கெட்டுவிடும் என்று பயம்.

அதிகாரி பிரசாந்தன் பளபளக்கும் சப்பாத்தோடு காலைப் படகில் வந்து இறங்கினார். அன்று பின்னேரப் படகில் அஜந்தா யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“ஐயா, பதினேழு வாகனம் எண்டு எழுதியிருக்கிறீங்கள். வீதியிலை இந்த ஓட்டோவைத் தவிர ஒண்டையும் காணேல்லை,” என்றார் பிரசாந்தன்.

“எல்லாம் வாகனசாலைக்குள்ளை நிக்குது தம்பி,” என்றார் அப்புத்துரை அண்ணை.

“ஓடுற நிலையிலை இருக்குதோ?”

“ஓடாது. தூக்கிக்கொண்டுதான் போறது.”

பிரசாந்தனின் பேனை நின்றது. “எல்லாமே பழுதோ?”

“சீச்சீ. மயிலுக்கு மட்டும் கழுத்திலை வெடிப்பு.”

அப்புத்துரை அண்ணை எங்களைக் கூட்டிப்போய்க் கோயிலின் பக்கக் கதவைத் திறந்தார். மறுநாள் கொடியேற்றம் என்பதால் பெடியன்கள் உள்ளே தூசு தட்டிக்கொண்டிருந்தார்கள். மூஷிகம், மயில், இடபம், குதிரை, சிங்கம் என்று பதின்மூன்று கோயில் வாகனங்கள் பிரசாந்தனையே முறைத்துப் பார்த்தன.

“ஐயா, இது சாமி வாகனம்.”

“ஓம். அனைத்து வாகனங்களும் எண்டு நீங்கள்தானே கேட்டனீங்கள். கடைசியிலை பஸ்சும் உழவு இயந்திரமும் ஓட்டோவும் எழுதியிருக்கிறன், பாருங்கோ.”

நான் சிங்கத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிரசாந்தனும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுப் பதினேழை வெட்டி நான்கு என்று எழுதினார். “என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது ஐயா,” என்றார். என் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது.

அவரைத் துறைக்குக் கொண்டுபோகவும் என் ஓட்டோதான். பின்னால் அஜந்தா, அவளுடைய பை, அவர். முதலாவது பள்ளத்தில் அஜந்தா அவர் கையைப் பிடித்தாள். இரண்டாவதில் அவர் அவள் கையைப் பிடித்தார். மூன்றாவதில் அச்சு முறிந்தது.

“இதிலைதான் மூத்தவன் பிறந்தவன்,” என்றாள் அஜந்தா.

பிரசாந்தனின் முகம் வெளிறிப் போயிற்று. துறையில் படகு ஊதத் தொடங்கியது. அஜந்தாவால் பத்தடி கூட நடக்க ஏலாது. நான் கோயில் பக்கம் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினேன்.

பெடியன்கள் வாகனம் தூக்கும் தடிகளோடு ஓடி வந்தார்கள். அவற்றை ஓட்டோவின் அடியில் கொடுத்துக் கட்டினார்கள். பன்னிரண்டு தோள் வேண்டும், இருந்தது பதினொன்று. பிரசாந்தன் இறங்கித் தோளைக் கொடுத்தார்.

“தம்பி, சப்பாத்தைக் கழட்டுங்கோ. சாமி தூக்கிற தடி,” என்றார் அப்புத்துரை அண்ணை.

ஓட்டோ எழுந்தது. பழக்கதோஷத்தில் யாரோ “அரோகரா” என்றான். எல்லோரும் சொன்னார்கள். பழக்கதோஷத்தில் வாகனத்தை இடமும் வலமுமாக ஆட்டவும் தொடங்கிவிட்டார்கள்.

“ஆட்டாதேங்கோடா, உள்ளை பிள்ளைத்தாச்சி இருக்கிறா,” என்று கத்தினேன். கத்தினேனே தவிர, இவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் ஓட்டோ ஓட்டியதில்லை. திருப்ப ஒன்றும் இல்லாத ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு ஹோர்ன் அடித்தபடி போனேன். வேலியோரம் நின்ற சூசையம்மா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். அஜந்தா வயிற்றைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

இந்த ஊர்வலத்தைக் கண்டு படகு நின்றது. அஜந்தாவை ஏற்றிவிட்டு, தோள் உரிந்த பிரசாந்தன் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி என்னிடம் கேட்டார்.

“தங்கச்சி, தூக்கிக்கொண்டு போனாலும் வீதியாலைதானே போகுது?”

“வேறை எதாலை போறது?” என்றேன்.

நான்காம் நாள் அஜந்தா கட்டிலில் ஒரு பெண் பிள்ளை பெற்றாள். அடுத்த மாதம் காப்பெற்றுக்கு அனுமதிக் கடிதம் வந்தது. கூடவே படிவத்தின் பிரதி. நான்கு வெட்டப்பட்டு மறுபடி பதினேழு ஆகியிருந்தது. கடைசி வரியில், ஓட்டோவுக்கு எதிரே, தற்போதைய நிலை என்ற இடத்தில் பிரசாந்தன் தன் கையால் எழுதியிருந்தார்: தூக்குவதற்குப் பன்னிரண்டு பேர் தேவை.